குளிரில் கான்கிரீட்: முதல் இரண்டு இரவுகளைப் பாருங்கள்

கேள்வி: கார் நிறுத்த, தரையில் கம்பி கட்டி கான்கிரீட் தளம் போட வேண்டும். பகலில் 9 டிகிரி, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே போகிறது. போடலாமா? உப்பு கலந்தால் உறையாது என்கிறார்களே?

போடலாம், இரவில் காப்பாற்ற வழி இருந்தால். இல்லையென்றால் தள்ளிப்போடுங்கள்.

கான்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை. சிமெண்டும் தண்ணீரும் வினைபுரிந்து இறுகுகிறது. 5 டிகிரிக்குக் கீழே அந்த வினை மிகவும் மந்தமாகிவிடும். மெதுவாக இறுகினால் பரவாயில்லை, பலம் பின்னால் வந்து சேரும். இறுகும் முன் உறைவதுதான் ஆபத்து. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. பிடிப்பு வராத கலவை அதில் உள்ளுக்குள் பிளந்துவிடும். இழந்த பலம் முழுதாகத் திரும்பாது. காலையில் மேற்பரப்பில் பெரணி இலை போல வரிகள் பதிந்திருந்தால் உறைந்துவிட்டது என்று அர்த்தம். கலவை 10 டிகிரிக்குக் குறையாமல் இருந்தால், பெரும்பாலும் இரண்டு நாளில் ஒருமுறை உறைவதைத் தாங்கும் பலம், அதாவது 3.5 மெகாபாஸ்கல், வந்துவிடும். அந்த இரண்டு நாள்தான் உங்கள் வேலை.

உறைந்த மண்மேல் போடவே கூடாது. மண் இளகும்போது இறங்கும், தளம் வெடிக்கும். முந்தைய நாளே மூடி வைத்துத் தரையைக் காப்பாற்றுங்கள். கலவைக்கு வெந்நீர் ஊற்றலாம். ஆனால் அதை முதலில் ஜல்லி, மணலோடு கலந்துவிட்டு, அப்புறம் சிமெண்ட் போடுங்கள். கொதிநீர் நேராக சிமெண்டில் பட்டால் சட்டென்று கட்டிவிடும்.

உப்பு வேண்டாம். கால்சியம் குளோரைடும் வேண்டாம். சீக்கிரம் இறுக வைக்கும், கம்பியைத் துருப்பிடிக்கவும் வைக்கும். குளோரைடு இல்லாத வேகமூட்டி கிடைக்கிறது. அதுவும் இறுகுவதைத்தான் விரைவாக்கும்; உறையாமல் தடுக்காது.

குளிரில் மேலே கசியும் நீர் வெகுநேரம் நிற்கும். பலர் சொதப்புவது இங்கேதான். அந்த நீர் இருக்கும்போதே கரணை போட்டால் மேற்பரப்பு பலவீனமாகி, பின்னால் செதில் செதிலாகப் பெயரும். காத்திருங்கள். முடித்ததும் பிளாஸ்டிக் விரித்து, மேலே வெப்பம் காக்கும் கனமான போர்வை போடுங்கள். ஓரமும் மூலையும்தான் முதலில் குளிரும், அங்கே இரட்டையாகப் போட்டு, அடியில் ஒரு தெர்மாமீட்டர் வையுங்கள். புகை வெளியே போகாத ஹீட்டரைக் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். புகையில் உள்ள கரியமில வாயு புதுக் கான்கிரீட்டின் மேல்பரப்பைத் தூளாக்கும், மூடிய இடத்தில் அந்தப் புகை ஆளுக்கும் ஆபத்து.

உறையும் குளிர் இருக்கும்வரை தண்ணீர் ஊற்றி கியூரிங் (இறுகும்வரை ஈரமாக வைப்பது) செய்யாதீர்கள். போர்வையையும் ஒரேயடியாக உருவாமல், ஒவ்வொன்றாக எடுங்கள். சூடான தளம் திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும். காரை ஏற்ற வழக்கத்தைவிடக் கூடுதல் நாள் பொறுங்கள்.