கூத்துக் கணக்கு எழுதும் பெண்ணை எம்.பி.ஏ.வுக்குத் தள்ளாதீர்கள்

மகளை மேலே என்ன படிக்க வைப்பது என்று கேட்கக் குடியாத்தத்திலிருந்து ஒரு குடும்பம் காட்பாடியில் என்னைப் பார்க்க வந்தபோது, அப்பாவின் கையில் ஒரு எம்.பி.ஏ. கல்லூரியின் கட்டணத் தாள் இருந்தது. 14 லட்சம். பெங்களூர் மாமா அனுப்பியது. மகள் பி.காம். முடித்தவள். அம்மாவுக்குக் கண் கலங்கியிருந்தது. "கூத்தாடிங்க பின்னாடி சுத்தறதைப் படிப்புன்றா சார். சொந்தக்காரங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

முதலில் நானும் ஆறுதல்தான் சொன்னேன், மகள் ஒரு நோட்டை எடுத்து நீட்டும்வரை.

அம்மாவின் ஊர் திரௌபதி அம்மன் கோயிலுக்குப் பாரதக் கூத்து ஆட வரும் ஜமாவின், அதாவது கூத்துக் குழுவின், மூன்று வருட வரவு செலவு அது. தாம்பூலம் வாங்கும்போது பேசிய தொகை, வேன் வாடகை, அரிதாரம், முகவீணைக்காரருக்கு எவ்வளவு, கட்டியங்காரனுக்கு எவ்வளவு. ஒரு பக்கத்தில் பென்சிலில்: "மழை. பாதியில் நின்றது. பேசியதில் பாதிதான் கொடுத்தார்கள். சாப்பாட்டுச் செலவு வாத்தியார் கையிலிருந்து." வாத்தியார் என்றால் ஜமாவின் தலைவர்.

ஐயா, உங்கள் பெண் கூத்தாடப் போகவில்லை. கலைஞனுக்குக் காசு எங்கிருந்து வருகிறது, அரசு எந்தக் கலைக்குக் கொடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்று கேட்கிறாள். கலை மேலாண்மை, பண்பாட்டுக் கொள்கை என்று இதற்குப் பெயர். பாமோல், போவன் என்ற இரண்டு அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் 1966-லேயே சொன்னது உங்களுக்குச் சட்டென்று புரியும், நீங்கள் லுங்கித் தறி வைத்திருப்பவர். விசைத்தறி வந்ததும் ஒரு லுங்கிக்கு ஆகும் நேரம் குறைந்தது. கர்ண மோட்சக் கூத்தை இன்றும் விடிய விடியத்தான் ஆட வேண்டும். ஆளையும் குறைக்க முடியாது. மற்ற தொழிலில் கூலி ஏற ஏற, ஜமாவின் செலவும் ஏறுகிறது, வரவு ஏறுவதில்லை. அந்த இடைவெளியை யார் அடைப்பது? பழைய வட ஆற்காட்டின் புரிசை போன்ற கூத்து ஊர்களை வைத்து அதை ஆராய, உள்ளூர்ப் பேச்சும் கணக்கும் தெரிந்த ஒருத்தி வேண்டும்.

வழி இது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் கலை, அழகியலுக்கென்று தனிப் பள்ளி இருக்கிறது. எம்.ஏ.வுக்குக் கல்விக் கட்டணம் வருடத்துக்குச் சில நூறு ரூபாய்தான். விடுதி, சாப்பாடுதான் செலவு. பக்கத்திலேயே வேண்டுமென்றால் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகத் துறை. இரண்டுக்கும் முதுநிலை க்யூட் என்ற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எம்.ஏ. படிக்கும்போதே நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வுக்குத் தயாராகட்டும். நிகழ்த்துகலை அதில் ஒரு பாடம். அதன் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் பிஎச்.டி.க்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருடம் கழித்து 42,000. உதவித்தொகைக்கு வயது வரம்பு 30, பெண்களுக்கு 5 வருடம் தளர்வு. ஆகவே கல்யாணத்தைக் காட்டி அவசரப்படுத்தாதீர்கள்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காவிட்டால்? பி.காம். கைகொடுக்கும். கலை அறக்கட்டளைகளில் கலையை ரசிக்க ஆள் உண்டு. அறக்கட்டளைக்கு வருமான வரி விலக்கு, நன்கொடை தருபவருக்கு வரிச் சலுகை என்றால் என்னவென்று தெரிந்து, நிதி விண்ணப்பம் எழுதி, தணிக்கைக்குக் கணக்கு ஒப்படைக்கும் ஆள் அபூர்வம். பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ் 1990-களிலிருந்து கலை ஆய்வுக்கு நிதி தருகிறது. மாமா அந்த ஊரில்தானே இருக்கிறார், ஒருநாள் அவளை அங்கே கூட்டிப் போகச் சொல்லுங்கள். கல்லூரி வாசலுக்கே கம்பெனி வந்து ஆள் எடுக்கும் படிப்பு அல்ல இது. அதை மறைக்க மாட்டேன்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். லண்டனில் ஒரு வருட எம்.ஏ. என்று யாராவது ஏஜெண்ட் வந்தால் கதவைச் சாத்துங்கள். தங்குவதோடு சேர்த்து 30 லட்சத்தைத் தாண்டும். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். வெளிநாடு போவதென்றால் பிஎச்.டி.க்கு, அதுவும் பல்கலைக்கழகமே கட்டணத்தை ஏற்று உதவித்தொகையும் தந்தால் மட்டும். அமெரிக்காவில் ஓஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கலை நிர்வாகத்துக்கும் கொள்கைக்கும் துறையே இருக்கிறது. அதெல்லாம் மூன்று வருடம் கழித்து.

அம்மா, நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. இந்த வருடம் பாரதக் கூத்துத் திருவிழாவின் படுகளத்துக்கு அவளோடு நீங்களும் ஊருக்குப் போங்கள். ஜமா வாத்தியாரைப் பார்த்து, இந்தக் கணக்கை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று உங்கள் முன்னாலேயே அவள் கேட்கட்டும். அவர் சரி என்று சொன்ன பிறகு, நோட்டைத் தேதிவாரியாகக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லுங்கள்.