பாலத்தில் இருக்கும் மலினோவ்ஸ்கி யார்?

கேள்வி: மானிடவியல் ஆய்வேட்டுக்காக மலினோவ்ஸ்கியைத் தேடினேன். போலந்தில் ஒரு பாலத்துக்கு 'ப்ரோனிஸ்வாவா மலினோவ்ஸ்கியேகோ' என்று பெயர் இருக்கிறது. அது அவர்தானா? பெயர் ஏன் பெண் பெயர் மாதிரி இருக்கிறது? தமிழில் எப்படி எழுதுவது?

பதில்: அவர் இல்லை. ஆய்வேட்டில் அந்தப் பாலத்தைச் சேர்த்துவிடாதீர்கள்!

நீங்கள் தேடுபவர் 1884-இல் க்ராகோவில் பிறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் நியூ கினிக்குக் கிழக்கே உள்ள ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி, சங்கு வளையும் சிப்பி மாலையும் தீவு தீவாகக் கைமாறும் 'குலா' முறையைப் பதிவு செய்தவர். 1942-இல் அமெரிக்காவில் இறந்தார்.

பாலத்துக்காரர் அதே பெயர் கொண்ட ஓட்டப்பந்தய வீரர். பிறந்தது 1951. அம்மா ஸ்காட்லாந்துக்காரர். 3000 மீட்டர் தடை ஓட்டத்தில் 1976 ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கினார். 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கில் தான்சானியாவின் ஃபில்பர்ட் பாயி வெகுதூரம் முன்னே ஓடிக்கொண்டிருந்தார். இவர் அவசரப்படாமல் பின்தொடர்ந்து, கடைசிச் சுற்றில் தாண்டித் தங்கம் வென்றார். மறு வருடமே க்ரூஜியோன்ட்ஸ் நகரில், விஸ்துலா ஆற்றின் மேல் உள்ள அதே பாலத்தில் கார் விபத்தில் இறந்துபோனார். அதனால்தான் அந்தப் பெயர்.

பெண் பெயர் குழப்பத்துக்குக் காரணம் வேற்றுமை உருபு. நாம் 'மலினோவ்ஸ்கியின்' என்பதுபோல, போலிஷில் முதற்பெயர், குடும்பப் பெயர் இரண்டுமே மாறும். 'ப்ரோனிஸ்வாஃப்' என்பது 'ப்ரோனிஸ்வாவா' ஆகிவிடும். பெண் பெயரும் அதே வடிவம்தான் (மேரி கியூரியின் அக்காள் பெயர் அது). எனவே குடும்பப் பெயரின் வாலைப் பாருங்கள்: 'ஸ்கியேகோ' என்றால் ஓர் ஆணுடைய, 'ஸ்கா' என்றால் பெண்.

தமிழில் 'ப்ரோனிஸ்வாஃப்' என்றே எழுதலாம். போலிஷில் அது Bronisław; குறுக்குக்கோடு போட்ட ł எழுத்துக்கு 'வ' ஒலி, கடைசி w எழுத்துக்கு 'ஃப்' ஒலி. 'ப்ரோனிஸ்லாவ்' என்று எழுதுவதும் பழகிப்போனதுதான். ஆனால் ஏடு முழுக்க ஒன்றையே பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், இன்னொரு பொறி: ப்ரோனிஸ்வாஃப் பியூசுட்ஸ்கி. இவரும் மக்களை ஆராய்ந்தவர்தான். ரஷ்யாவின் ஜார் மன்னனைக் கொல்லச் சதி செய்த வழக்கில் 1887-இல் சகாலின் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, அங்கே ஐனு என்ற பழங்குடி மக்களின் பாடல்களை, அக்கால ஒலிப்பதிவுக் கருவியின் மெழுகு உருளைகளில் பதிந்தார். போலந்துத் தலைவர் யூசெஃப் பியூசுட்ஸ்கியின் அண்ணன். ஆக, 'மானிடவியலாளர் ப்ரோனிஸ்வாஃப்' என்று மட்டும் தேடினால் இருவரும் வருவார்கள். மேற்கோளில் முழுப்பெயரோடு 1884–1942 என்று போட்டுவிடுங்கள்.