பிளான் 9ஐ நம்பி ஆய்வகம் அமைக்கலாமா?

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் பழைய கணினிகள் பத்துப் பன்னிரண்டு சும்மா கிடக்கின்றன. பிளான் 9 ஓஎஸ்ஸை நிறுவி எல்லாவற்றையும் ஒரே அமைப்பாக இணைத்து, மாணவர்களின் கோப்புகளையும் அதிலேயே வைக்க நினைக்கிறேன். பத்து வருடம் கழித்தும் இந்த ஓஎஸ் இருக்குமா?

பதில்: இருக்கும். ஆனால் மாணவர்களின் கோப்புகளை அதில் மட்டும் வைக்காதீர்கள்.

பிளான் 9ஐ நெடுங்காலம் மிரட்டியது உரிமைச் சிக்கல்தான். யூனிக்ஸ் ஓஎஸ் பிறந்த பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன், ராப் பைக் குழுவினர் 1980களில் எழுதத் தொடங்கியது இது. அந்த ஆய்வகமோ ஏடி அண்ட் டி, லூசென்ட், அல்காடெல்-லூசென்ட், நோக்கியா என்று கைமாறிக்கொண்டே போனது. கடைசியில் 2021 மார்ச்சில் நோக்கியா பதிப்புரிமையை பிளான் 9 ஃபவுண்டேஷனுக்கு மாற்றிக் கொடுத்தது. மூல நிரல், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற எம்ஐடி உரிமத்தில் வெளியானது. இனி எந்த நிறுவனமும் இதை இழுத்து மூட முடியாது.

ஆள்பலம்தான் குறை. 2011இல் பிளான் 9இலிருந்து கிளைத்த 9ஃபிரண்ட் என்ற பதிப்பு இன்றும் தொடர்ந்து வெளியீடுகள் தருகிறது, ஆனால் அதைக் கவனிப்பது சிறு தன்னார்வக் குழு. அவர்கள் கையிலிருக்கும் கணினிக்கு டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) இருக்கும். பழைய திங்க்பேட் மடிக்கணினியில் நன்றாக ஓடுவது அதனால்தான். குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் கிடையாது, ஆகவே கல்லூரி போர்ட்டலை இதில் திறக்க முடியும் என்று எண்ண வேண்டாம்.

நமக்கென்று இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 குறியாக்கம் 1992இல் முதலில் ஓடியதே இந்த ஓஎஸ்ஸில்தான்; இணையத் தமிழ் ஏறக்குறைய முழுக்க இன்று அதில்தான் ஓடுகிறது. ஆனால் பிளான் 9இன் திரை எழுத்துகளைச் சேமித்த வரிசையிலேயே வரைகிறது. ‘கெ’ என்று எழுதினால் சேமிப்பில் க முதலில், கொம்பு அடுத்து. திரையிலும் கொம்பு ககரத்துக்குப் பின்னால்தான் நிற்கும். இதைச் சரிசெய்ய உங்கள் மாணவர் ஒருவர் முன்வந்தால் மிக நல்ல இறுதியாண்டு புராஜெக்ட் ஆகும். எனக்கு அதில் உண்மையான ஆசை உண்டு.

சரி, நிலைக்கப்போவது எது? நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிர பிளான் 9 பயன்படுத்தும் 9பி நெறிமுறை. 2005 முதல் லினக்ஸின் மையமான கெர்னலிலேயே அது இருக்கிறது. விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வைத்திருப்பவர் எக்ஸ்புளோரரில் லினக்ஸ் கோப்புகளைத் திறக்கும்போதும் இடையில் பேசுவது 9பிதான். மாணவர் இதைப் படித்தால் பிளான் 9க்கு வெளியிலும் உதவும்.

அதனால் நான் செய்வது இப்படி இருக்கும். இருப்பதில் நல்ல கணினி ஒன்றில் லினக்ஸ் போட்டு, கோப்புகளை அங்கே வைப்பேன். அதன் மேலேயே கியூஎம்யூ என்ற மெய்நிகர் கணினி மென்பொருளில் 9ஃபிரண்ட். கியூஎம்யூ தரும் விர்டியோ என்ற மெய்நிகர் வட்டும் நெட்வொர்க்கும் 9ஃபிரண்டுக்குத் தெரியும் என்பதால் டிரைவர் தொல்லை இல்லை. மற்ற கணினிகளில் 9ஃபிரண்டைப் பென்டிரைவிலிருந்து பூட் செய்து பாருங்கள். எழும்பாதவற்றில் லினக்ஸோ விண்டோஸோ இருக்கட்டும். டிராடெர்ம் என்ற நிரல் மூலம் அதே 9ஃபிரண்ட் சர்வருக்குள் நுழையலாம்.

அப்புறம் மாணவர்களுக்கு முதலில் ஒன்றைக் காட்டுங்கள். பிளான் 9இல் நெட்வொர்க்கும் ஒரு கோப்புறைதான். வேறொரு கணினியின் நெட் கோப்புறையைக் கொண்டுவந்து உங்களுடையதன் மேல் பொருத்தினால், அந்த ஜன்னலில் ஓடும் நிரல்கள் எல்லாம் அந்தக் கணினி வழியாக வெளியே போகும். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். பக்கத்து ஜன்னலுக்கு இது தெரியவே தெரியாது, ஏனென்றால் ஒவ்வொரு புராசஸ் (ஓடும் நிரல்) குழுவுக்கும் தனிப் பெயர்வெளி, அதாவது எந்தக் கோப்புறை எங்கே தெரியும் என்ற தனி ஏற்பாடு. லினக்ஸில் இதற்கு விபிஎன், பிராக்ஸி என்று தனி ஏற்பாடு வேண்டும். பின்னாளில் நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கண்டெய்னர்களுக்கு அடித்தளமான லினக்ஸ் பெயர்வெளிகளுக்கும் தூண்டுதல் இங்கிருந்துதான்.

9ஃபிரண்டின் கோப்பு முறைமைகளை லினக்ஸில் நேரடியாக மவுண்ட் செய்ய முடியாது. அதற்குள் மாணவர்கள் எழுதுவதை வாராவாரம் ஒரே டார் தொகுப்புக் கோப்பாக்கி லினக்ஸ் பக்கம் எடுத்து வையுங்கள்.