பிறரின் அந்தரங்கத்தை ரகசியமாகப் படம் எடுப்பவர்களுக்குத் தண்டனையைக் கூட்டினால் பலன் இருக்குமா?

ஓரளவுக்கு இருக்கும். ஆனால் சிறைவாச ஆண்டுகளைக் கூட்டுவதைவிட, சட்டத்தில் உள்ள ஓட்டைகளை அடைப்பதுதான் முக்கியம் என்பேன்.

ஜப்பானைப் பாருங்கள். 2023 வரை அங்கே இதற்கென நாடு தழுவிய தனிச் சட்டம் இல்லை. பெரும்பாலும் மாகாண விதிகளை வைத்தே வழக்குப் போட்டார்கள். விமானத்தில் ஒருவன் பணிப்பெண்ணைத் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தால், அந்த நேரத்தில் விமானம் எந்த மாகாணத்துக்கு மேலே பறந்தது என்று தேட வேண்டிய நிலை! புதுச் சட்டம் 3 ஆண்டு வரை சிறை என்றது. அதைவிடப் பெரிய விஷயம், கைப்பற்றிய போனில் இருக்கும் படங்களை அழிக்கவும் அப்போதுதான் வழி பிறந்தது.

சரி, இந்தியா? நம் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவில் முதல் முறைக்கு 1 முதல் 3 ஆண்டு, மறுபடியும் செய்தால் 3 முதல் 7 ஆண்டு. படம் எடுக்கச் சம்மதித்த பெண், அதைப் பிறருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை என்றால் அனுப்புவதும் குற்றம்தான். இது பலருக்குத் தெரிவதில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவர் ஆண் என்றால் இந்தப் பிரிவு பொருந்தாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தைத்தான் நாட வேண்டும்.