கடல் ஆய்வுக்கு ஒரு கோடை: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: சமுதாயக் கல்லூரியில் ஆய்வக உதவியாளர் டிப்ளமோ படிக்கிறேன். மே மாதம் ராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய ஆசை. பி.எஸ்சி. இல்லாத என்னைச் சேர்ப்பார்களா?
– மாணவி, மேலூர்

பதில்: விதிமுறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பட்டப்படிப்பு மாணவர்களைத்தான் பெரும்பாலும் முதலில் பார்ப்பார்கள், ஆனாலும் கேட்டுப்பார்ப்பதில் நஷ்டமில்லை. மீன்வளம் என்றால் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம். இப்போது கொச்சியில் தலைமையகம் உள்ள, 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு முன்பு தலைமையகம் மண்டபத்தில்தான். கடற்பாசி என்றால் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் நிலையம்.

பிப்ரவரியிலேயே எழுதிவிடுங்கள். போனஃபைடு சான்றிதழும் முதல்வரின் பரிந்துரைக் கடிதமும் இணையுங்கள். ‘கடல்மீது தீராத ஆர்வம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பிப்பெட் (நீர்மத்தை அளந்து விடும் குழாய்) பிடிக்க வரும், டைட்ரேஷன் (கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளவு காணும் சோதனை) செய்வேன், எக்செல் தெரியும் என்று எழுதினால் படிப்பார்கள். அந்த விஷயத்தில் டிப்ளமோக்காரர்கள் கை ஓங்கியே இருக்கும். பயிற்சிக் கட்டணம் உண்டா, விடுதி கிடைக்குமா என்பதை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். உதவித்தொகையை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கேள்வி: மே மாதம் முழுக்க விசைப்படகு வலையில் வரும் கழிவு மீன்களைக் கணக்கெடுக்கலாம் என்கிறார் எங்கள் பேராசிரியர். சரிவருமா?
– இரு மாணவர்கள், திருப்பரங்குன்றம்

பதில்: வராது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். இறங்குதளத்தில் கட்டிக்கிடக்கும் படகுகளைத்தான் எண்ண முடியும். நாட்டுப்படகு மீனை எடுங்கள், அல்லது மிதவை உயிரிகளுக்கு (பிளாங்க்டன்) மாறுங்கள். கச்சான் காற்று (தென்மேற்குக் காற்று) தொடங்கிவிட்டால் தென்கடல் (மன்னார் வளைகுடா) கொந்தளிக்கும், வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) அமைதியாக இருக்கும். மாதிரி எடுக்கும் இடத்தை அதற்கேற்ப வையுங்கள்.

கேள்வி: போன கோடையில் பாம்பன் பக்கம் எடுத்த கடல்நீரில், விங்க்ளர் முறையில் (டைட்ரேஷன் மூலம் நீரில் உள்ள ஆக்சிஜனை அளக்கும் முறை), கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வந்தது. வழிகாட்டி ஏற்கவில்லை. எங்கே தப்பு?
– மாணவர், விருதுநகர்

பதில்: அவர் சந்தேகப்பட்டது நியாயம். 30 டிகிரி வெப்பத்தில், 35 உப்புத்தன்மை (கிலோ நீரில் சுமார் 35 கிராம் உப்பு) உள்ள நீர் காற்றிலிருந்து லிட்டருக்கு 6.2 மில்லிகிராம் அளவுக்குத்தான் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும். கடற்புல் படுகையில் நடுப்பகலில் ஒளிச்சேர்க்கையால் அதைத் தாண்டலாம். அதனால் மாதிரி எடுத்த மணியை நோட்டில் எழுதியிருந்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

அப்படி இல்லையென்றால், முதல் குற்றவாளி காற்றுக் குமிழி. ஒரு மில்லி காற்றில் ஏறக்குறைய 0.27 மில்லிகிராம் ஆக்சிஜன் இருக்கிறது. 125 மில்லி பாட்டிலில் சுண்டைக்காய் அளவு குமிழி, அதாவது அரை மில்லி, சிக்கினாலே கணக்கில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் கூடிவிடும். ரப்பர் குழாயைப் பாட்டிலின் அடிவரை விட்டு நீரை மெதுவாக நிரப்பி, இரண்டு மூன்று பாட்டில் அளவு வழியவிடுங்கள். மாங்கனீஸ் கரைசலையும் கார அயோடைடையும் ஒவ்வொரு மில்லி, பிப்பெட் நுனி நீருக்குள் இருக்கும்படி விட வேண்டும். மூடியைச் சாய்த்துப் போட்டு மூடுங்கள்.

அடுத்த சந்தேகம், டைட்ரேஷனில் சொட்டுச் சொட்டாக விடும் தயோசல்பேட் கரைசல். அது நாள்பட வலுவிழக்கும். வலுவிழந்த கரைசல் அதிகம் செலவாகும். நீங்களோ லேபிளில் உள்ள நார்மாலிட்டியை (கரைசலின் வலிமை) போட்டுப் பெருக்குவீர்கள், விடை ஏறிவிடும். டைட்ரேஷன் செய்யும் அன்றே பொட்டாசியம் அயோடேட்டால் சரிபாருங்கள். மாதிரி வெளிர் வைக்கோல் நிறத்துக்கு வந்த பிறகே ஸ்டார்ச் விடவும். நீலம் முதன்முதலில் மறையும் இடம்தான் முடிவு. சற்று நேரத்தில் மீண்டும் நீலம் வந்தால் அது காற்றின் வேலை, அதைத் துரத்த வேண்டாம்.

கேள்வி: என் மகள் இந்த வருஷம் மண்டபம் போகிறாள். கடலில் முங்கச் சொல்வார்களா?
– ஒரு தாய், வாடிப்பட்டி

பதில்: ஸ்கூபா பயிற்சிச் சான்று இல்லாதவரை முங்கச் சொல்லக் கூடாது. பெரும்பகுதி வேலை கரையிலும் ஆய்வகத்திலும்தான். படகில் ஏறினால் உயிர்காப்பு உடுப்பு கட்டாயம் என்று மகளிடம் சொல்லிவையுங்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. பவளம், கடல் அட்டை, கடல்குதிரை எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை. கரையில் ஒதுங்கிய பவளத் துண்டை ஞாபகத்துக்கு என்று பையில் போட்டு வந்தாலும் வழக்குதான்.