கத்தியின் பூச்சை உரித்து எஃகைத் தேய்ப்பது: கேள்வி பதில்

கேள்வி: 1095 கார்பன் எஃகுக் கத்தி. கருப்புப் பூச்சு பாதி உரிந்து அசிங்கமாக இருக்கிறது. முழுவதும் எடுத்துவிட ஆசை. எங்கே தொடங்குவது?

பதில்: சொரசொரப்பாக, நகத்தால் நெம்பினால் சில்லாகப் பெயர்ந்து வருகிறதா? அப்படியானால் அது சூளையில் சுட்ட எபாக்ஸி பெயிண்ட். எளிதாக வரும். பிடி திருகாணியில் நின்றால் கழற்றி வையுங்கள். ஜெல் வகை பெயிண்ட் ரிமூவரைத் தடிமனாகத் தடவி, காயாமல் இருக்க மேலே பாலித்தீன் சுற்றிவிடுங்கள். சிலது அரை மணியில் கொப்பளிக்கும், பென்சைல் ஆல்கஹால் வகைக்குச் சில மணி நேரம் வேண்டும். அப்புறம் கத்தியைப் பலகையில் படுக்க வைத்து, பிளாஸ்டிக் தகட்டால் முதுகிலிருந்து கூர் பக்கமாகத் தள்ளுங்கள். எதிர்த்திசையில் தள்ளினால் கை போய்க் கூரில் இடிக்கும்.

மெத்திலீன் குளோரைடு உள்ள ரிமூவர் வேண்டாம். அந்த ஆவி உடலுக்குள் போய் கார்பன் மோனாக்சைடாக மாறும். மூடிய குளியலறையில் வேலை செய்து உயிரை விட்டவர்கள் உண்டு. அமெரிக்காவில் 2019இலேயே பொதுமக்களுக்கு விற்பதைத் தடை செய்துவிட்டார்கள். சாதாரண நைட்ரைல் கையுறையையும் அது சில நிமிடத்தில் ஊடுருவிவிடும்.

பூச்சு போனதும் அடியில் பளபளப்பான எஃகு இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பதம் போடும்போது உலையில் உண்டான கருஞ்செதிலும், கார்பன் இழந்த மென்மையான தோலும் பல கத்திகளில் அப்படியே இருக்கும். அதைத் தேய்த்து எடுக்கும் செலவை மிச்சப்படுத்தத்தான் மேலே பெயிண்ட் அடிப்பார்கள். ஆக, உண்மையான வேலை இனிமேல்தான். நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, கூருக்கு நாலு சுற்று டேப் ஒட்டுங்கள். (முன்பே ஒட்டினால் ரிமூவர் பசையைக் கரைத்துவிடும்.) 120ஆம் எண் உப்புத்தாளைத் தட்டையான கட்டையில் சுற்றி, சோப்புத் தண்ணீர் விட்டு, கரும்புள்ளி ஒன்றுகூட இல்லாதவரை தேயுங்கள். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் விழும். பிறகு 220, 320, 400. ஒவ்வொரு தாளுக்கும் திசையை மாற்றுங்கள். அப்போதுதான் முந்தைய கீறல் குறுக்கே தெரியும், அது மறைந்ததும் அடுத்த தாளுக்குப் போகலாம். அவசரப்பட்டு 120இன் கீறலை விட்டுவிட்டால் 400இல் போய் அது பல்லைக் காட்டும். முடித்த கையோடு துடைத்து எண்ணெய் தடவுங்கள். மறுநாள் பார்க்கலாம் என்று வைத்தால் துருதான் இருக்கும்.

எதைச் செய்தாலும் நெருப்பு மட்டும் காட்டாதீர்கள்.

கேள்வி: டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சு. ரிமூவரில் இரண்டு நாள் ஊறியும் அசையவில்லை.

பதில்: அசையாது. அது பெயிண்ட் இல்லை. வெற்றிடத்தில் படிய வைத்த கார்பன் படலம், சில மைக்ரான்தான், ஆனால் எஃகைவிடக் கடினம். மணல் பீய்ச்சுவது போன்ற பட்டறை வேலை வேண்டும். விட்டுவிடுங்கள்.

கேள்வி: வினிகரில் ஊற வைத்தால் பூச்சு போகுமா?

பதில்: பெயிண்ட் போகாது. பிளாக் ஆக்சைடு போகும், அது ஒரு வகை இரும்பு ஆக்சைடுதான். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்து, போனதும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் அலசுங்கள். இரவு முழுக்க ஊறவிட்டால் கூரை அரித்துவிடும்.

கேள்வி: எந்த எண் உப்புத்தாளில் தொடங்கலாம்?

பதில்: முதல் பதிலில் இருக்கிறது. 120.

கேள்வி: அண்ணா, நெருப்பு கூடாது என்கிறீர்கள். நான் 1095 கத்தியை கேஸ் டார்ச்சில் காட்டி ஐந்தே நிமிடத்தில் பூச்சை எரித்துவிட்டேன். கத்தி வளையவும் இல்லை, உடையவும் இல்லை. இன்றும் காகிதத்தை வெட்டுகிறது.

பதில்: காகிதத்தைத் தகரம்கூட வெட்டும் தம்பி. 1095 கத்தியைக் கடினப்படுத்திய பிறகு ஏறத்தாழ 200 டிகிரியில் பதப்படுத்துவார்கள். அதைவிடச் சூடு ஏறினால் ஏறிய அளவுக்குக் கடினம் குறையும், ஆறினாலும் திரும்ப வராது. எபாக்ஸி அடிவரை கருகி உதிர 300ஐத் தாண்ட வேண்டும். மெல்லிய நுனியும் கூரும்தான் முதலில் சூடாகும்.

கேள்வி: சூடு ஏறினால் வைக்கோல் நிறம், பிறகு நீலம் என்று தெரிய வேண்டுமே? எனக்கு எதுவும் தெரியவில்லை.

பதில்: அந்த நிறங்கள் சுத்தமான வெற்று எஃகில்தான் தெரியும். உங்கள் கத்தியில் மேலே பெயிண்ட், அதன் கீழே கருஞ்செதில். நிறம் எங்கிருந்து தெரியும்?

கேள்வி: (வேறொருவர்) இடையில் வருகிறேன். டிரில் பிட் வேலை செய்யும்போது நீலமாகிறது. அப்புறமும் துளை போடுகிறதே?

பதில்: நல்ல கேள்வி. அது ஹை ஸ்பீடு ஸ்டீல். டங்ஸ்டன், மாலிப்டினம் கலந்தது, 550 டிகிரி வாக்கில் பதப்படுத்துவது. 1900 பாரிஸ் கண்காட்சியில் அந்த வகை எஃகைச் சிவக்கச் சிவக்க லேத்தில் ஓட்டிக் காட்டினார்கள். டி2 என்ற குரோமியம் கலந்த எஃகுக் கத்திகளிலும் சில 500 டிகிரியில் பதப்படுத்தியவை, கொஞ்சம் தாங்கும். 1095இல் இரும்பு, கார்பன், சிறிது மாங்கனீசு தவிரச் சொல்லும்படி ஒன்றும் இல்லை. அதற்கு அந்தத் தாங்கும் சக்தி கிடையாது.

டார்ச் தம்பி, வாதம் போதும், அரத்தை எடுங்கள். மேல் தோல் எப்படியும் மென்மையாக இருக்கும், அதனால் தேய்த்துச் சுத்தமான இடத்தில், கூரை ஒட்டி லேசாக இழுங்கள். வழுக்கினால் பதம் இருக்கிறது. கடித்தால் போய்விட்டது.

கேள்வி: வினிகர் வேலை செய்யுமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி: பஃபிங் சக்கரத்தில் வைத்தால் சீக்கிரம் முடியாதா?

பதில்: சக்கரம் கூரைக் கவ்வினால் கத்தியைப் பிடுங்கி உங்கள் மேலேயே எறியும். சூடும் ஏறும். பழகாத கைக்கு வேண்டவே வேண்டாம்.

கேள்வி: உரித்த பிறகு காபியிலோ வினிகரிலோ கறுப்பாக்கினால் துரு பிடிக்காதாமே?

பதில்: மெதுவாகப் பிடிக்கும், அவ்வளவுதான். அந்தக் கருமை அழகு, சிவப்புத் துருவைக் கொஞ்சம் தள்ளிப்போடும். ஈரத்தோடு உறையில் செருகினால் அதன் மேலேயே துரு ஏறும். எண்ணெய் அவசியம். உணவு வெட்டும் கத்திக்கு மினரல் ஆயில் போதும். கறுப்பாக்குமுன் எண்ணெய்ப் பசை துளிகூட இருக்கக் கூடாது, விரல் பட்ட இடம் திட்டாக நிற்கும்.

கேள்வி: டெஃப்லான் பூசிய சமையல் கத்தியை எரித்து எடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்தப் புகை காய்ச்சலில் படுக்க வைக்கும்.

கேள்வி: அண்ணா, டார்ச் காட்டியவன்தான். அரம் வைத்துப் பார்த்தேன். பிடிப் பக்கம் வழுக்குகிறது, நுனியில் இரண்டு சென்டிமீட்டர் கடிக்கிறது. கத்தியைத் தூக்கிப் போடவா?

பதில்: போடாதீர்கள். நெருப்பு அதிகம் பட்டது நுனியில்தான், மீதி நன்றாக இருக்கிறது. அரம் வழுக்கும் இடம்வரை நுனியைச் சாணையில் குறைத்துப் புது வடிவம் கொடுங்கள். இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்குங்கள், கையுறை இல்லாமல் பிடியுங்கள். விரல் சுடும் முன் தண்ணீருக்குள் போக வேண்டும். குறைத்து முடித்ததும் மறுபடி அரம் வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்.