முதுகு வலி மாத்திரைய மொத்தமா கட்டிட்டுப் போகாதீங்க

தம்பி, அடுத்த மாசம் வேளச்சேரில இருந்து இங்கிலாந்துல மான்செஸ்டர் போறேன், முதுகு வலிக்கு ஆறு மாச மாத்திரை எடுத்துட்டுப் போலாமா, வாடகை எவ்ளோ, குளிர் தாங்குமானு கேட்டிருந்தீங்க. வாடகை, குளிரெல்லாம் போனா பழகிடும். மாத்திரை விஷயம் மட்டும் சொல்றேன், பட்டவன் நான்.

2011ல நான் அங்க போறப்ப மேற்கு மாம்பலத்துல எங்க தெரு மெடிக்கல்ல சீட்டே கேக்காம குடுத்த வலி மாத்திரை, அசிக்ளோஃபெனாக்கும் பாராசிட்டமாலும் சேந்தது, பத்து அட்டை பெட்டில இருந்துச்சு. கிடைச்சது குடோன் வேலை, ராத்திரி பூரா பெட்டி தூக்கணும், வலிக்கு அத ரெண்டு வேளை போட்டேன், ஜுரம் வந்ததும் அங்க கடைல வாங்கின பாராசிட்டமால 500 மில்லிகிராம்ல ரெண்டு ரெண்டா நாலு வேளை போட்டேன். ரெண்டுலயும் பாராசிட்டமால் இருக்குனு தோணல. பாராசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம்தான் உச்சம், தாண்டினா ஈரலுக்கு ஆபத்து. மாடில இருந்த திருநெல்வேலி அக்கா நர்ஸ், அட்டையத் திருப்பிப் பாத்துட்டு அப்படித் திட்டுனாங்க. அதனால அட்டைக்குப் பின்னாடி இருக்கற சின்ன எழுத்தப் படிங்க.

வலிக்கும் நரம்பு வலிக்கும் தர்ற ட்ரமடால், ப்ரீகாபலின், காபாபென்டின் மூணும் அங்க கட்டுப்பாட்டுல இருக்கற மருந்து. உங்க பேரு, மருந்து, டோஸ் போட்ட டாக்டர் லெட்டர் கைல வேணும், 3 மாசமோ அதுக்கு மேலயோ எடுத்துட்டுப் போனா லைசென்ஸ் வேணும், அப்ப ஆறு மாச கணக்கு சரிப்படாது. துபாய்ல இறங்கித் தங்கறதா இருந்தா ட்ரமடாலுக்கு முன்னாடியே அனுமதி வாங்கணும்.

அங்க முதுகு வலிக்கு வெறும் பாராசிட்டமால் மட்டும் வேண்டாம்னு 2016லயே டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் வந்தாச்சு. இபுப்ரோஃபென், நாப்ராக்ஸன் மாதிரி ஏதாவது வலி மாத்திரை கம்மி டோஸ்ல கொஞ்ச நாள், வயித்துக்கு கூட ஒரு மாத்திரை, மீதி நடை, எக்சர்சைஸ், பிசியோ. நம்மாளுங்க நிறைய பேரு இத கேட்டு "மாத்திரையே தரமாட்டேங்கறான்"னு கோவப்பட்டு கோயில்ல பாக்கறப்ப ஒருத்தருக்கொருத்தர் ஊர் அட்டைய கைமாத்துவாங்க, எனக்கு அதப் பாத்தா பத்திட்டு வரும். கிட்னி, பிரஷர், அல்சர் இருக்கறவங்களுக்கு அது எவ்ளோ ஆபத்து! கால் மரத்துப் போச்சு, தொடை இடுக்கு உணர்ச்சி இல்ல, மூத்திரம் அடக்க முடியல, போக முடியலன்னா மாத்திரைய தேடாம நேரா எமர்ஜென்சி போயிடுங்க.

அந்த அக்காதான் என் பத்து அட்டையையும் வாங்கி வெச்சுக்கிட்டு, ஷிப்ட் முடிஞ்சு வந்ததும் பனியில பூங்காவ ரெண்டு சுத்து நடக்க வெச்சு, வந்ததும் மிளகு ரசம் ஊத்துவாங்க. இப்ப லீவுக்கு மாம்பலம் வந்திருக்கேன், காலைல அஞ்சரைக்கு எழுந்து அதே நடைதான்.